பூஜைக்கு வெச்ச பொட்டி

வாங்க தம்பி, இப்பிடி இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவனுங்க, கோவமாப் பேசறான்னு நெனச்சுக்காதீங்க. சுவத்துக்கு அக்கட்டால தறி ஓடிட்டு இருக்குது பாருங்க. இந்தப் பள்ளிபாளையத்துல ஆரா இருந்தாலும் இப்பிடித்தான் பேசியாவோணும். புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல தலை வலிக்கும். அப்பறம் பழகிரும். டீ சொல்லியிருக்கேன், வரும்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்க கம்பெனியில இன்னும் பத்துப் பொட்டி குடுக்கறாப்பல இருக்குதுன்னு போன்ல சொன்னாங்க. லேப்டாப்புன்னு சொல்லோணும், எனக்கு வாயில பொட்டின்னுதான் வருது. குடுக்கறதுக்கு முன்னால எடத்தைப் பாக்கோணும், ஆளைப் பாக்கோணும்னு வந்திருக்கீங்க. நல்லதுதான். வர்ற வழியில நாலு பேர்கிட்ட விசாரிச்சிருப்பீங்க. கந்தப்பன் இப்பிடிப் பண்ணிட்டான், ஒரு புள்ளையோட படிப்பைக் கெடுத்துட்டான்னு ஒரு பேச்சு உங்க காதுலயும் விழுந்திருக்கும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. அதுதான் நானே சொல்லிர்றேன். மத்தவன் வாயில கேக்கறதுக்கு என்ற வாயிலயே கேட்டுக்கங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. தறி ஓட்டறவங்க புள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கறோம், ஒரு ரூம் வேணும்னு ஒரு டிரஸ்டுக்காரங்க இந்த ஊரு பூராச் சுத்துனாங்க. எத்தனை மொதலாளி இருக்கறோம் இங்க. ஆரு குடுத்தா? நான் குடுத்தேன். என்ற நூல் குடோனைக் காலி பண்ணி, சுண்ணாம்பு அடிச்சு, ஃபேன் மாட்டி, கரண்டும் என்றதுதான். தறிக்காரன் புள்ள தறிதான் ஓட்டோணும்னு சட்டமா இருக்குதுன்னு மேடையில மைக்கைப் புடிச்சுக் கேட்டவன் நானு. கை தட்டுனாங்க. போட்டோ உள்ள மாட்டியிருக்குது, போறப்பப் பாத்துட்டுப் போங்க.

அஞ்சு பொட்டி குடுத்தாங்க. சனி ஞாயிறு ஈரோட்டுல இருந்து ஷர்மிளா டீச்சர்னு ஒரு பொண்ணு வந்து சொல்லிக்குடுக்கும். நல்ல பொண்ணு. கொஞ்சம் வாய் துடுக்கு. மத்த நாள்ல பொட்டிக என்ற பொறுப்பு. சாவி என்ற இடுப்புல. ஒரு பொட்டி காணாமப் போகல, ஒரு பொட்டி கீழ விழுகல. அந்த மட்டுக்கு நான் பாத்துக்கிட்டேன்.

வந்த புள்ளைகள்ல கௌசிகான்னு ஒண்ணு. எங்ககிட்டத் தறி ஓட்டுன பழனியம்மாவோட மக. பழனியம்மாவைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும், அப்பத்தான் வெளங்கும். அவ பொழைக்க வந்தப்ப இந்தப் புள்ள தொட்டல்ல கெடந்துச்சு. தொட்டலை அங்கயே தறிக்குப் பக்கத்துல விட்டத்துலதான் கட்டியிருந்தா. புருசன் ஒரு மாதிரி, இருந்தும் இல்லாத ஆளு. அவ ஒருத்தியே எட்டுத் தறி பாப்பா. வேலையில குத்தம் சொல்ல முடியாது. ஆனா கொஞ்சங் கொஞ்சமாக் காது போயிருச்சுங்க. ரெண்டும். அது இந்தத் தொழில்ல இருக்கறதுதான். சர்க்கரை வர்றதில்லீங்களா, அது மாதிரி.

காது போனதுக்கப்பறம் அவ ஒண்ணு பண்ணுவா. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு வெறுங்கால்லதான் நிப்பா. தரை அதிர்றதை வெச்சு எந்தத் தறி ஓடுது, எது நின்னு போச்சுன்னு தெரிஞ்சுக்குவா. ஆனா ஓடறப்பவே இழை அந்து போனா அது காலுக்குத் தெரியாதுங்க. மத்தவங்களுக்குச் சத்தம் மாறுறதுல தெரிஞ்சுரும், முதுகுக்குப் பின்னால இருந்தாக்கூடத் திரும்பிருவாங்க. இவ திரும்ப மாட்டா. துணியில கோடு விழுந்து வரும். நான் வந்து சத்தம் போடுவேன். அதுவும் அவளுக்குக் கேக்காது. என்னத்தைப் பண்றது சொல்லுங்க.

இந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? தறி சத்தத்தைப் பூராப் போன்ல புடிச்சு, பொட்டியில ஏத்தி, நல்லா ஓடற சத்தம் இது, இழை அந்து போன சத்தம் இதுன்னு அந்தப் பொட்டிக்குப் பாடம் எடுத்துச்சு. மாசக்கணக்கா. நான் கூடச் சிரிச்சேன், ஏங்கண்ணு, பொட்டிக்கு நீ டீச்சரான்னு. கடைசியில ஒரு நாள் என்னையக் கூப்பிட்டுக் காட்டுச்சு. தறிக்குப் பக்கத்துல பொட்டிய வெச்சு, இப்ப நூலை அறுங்க மொதலாளின்னுச்சு. நானே கத்திரியில அறுத்து விட்டேன். பொட்டி பூரா செவப்பா வெளிச்சம் வந்துச்சுங்க. அவ ஆத்தாகாரி அங்க நின்னவ அந்த வெளிச்சத்தைப் பாத்துட்டு ஓடி வந்து தறிய நிறுத்துனா. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்னேன், என்ற பட்டறையில ஒரு புள்ள இருக்குது, வந்து பாருன்னு. பொறாமை புடிச்சவன் இப்பிடிச் சொல்லுவானுங்களா?

அந்த வருசம் அது பன்னண்டாவது முடிச்சிருந்துச்சு. காலேஜுக்கு அனுப்பறதுக்கு வழியில்ல. அப்ப ஷர்மிளா டீச்சர் ஒரு சேதி கொண்டு வந்துச்சு. மெட்ராஸ்ல ஒரு எடத்துல இல்லாதபட்ட புள்ளைகளாப் பாத்து எடுத்து, தங்க வெச்சு, சோறு போட்டு, இந்தக் கம்ப்யூட்டர் படிப்பை ரெண்டு வருசம் சொல்லிக்குடுத்து வேலையும் வாங்கித் தர்றாங்களாம். நீ என்ன செஞ்சிருக்கறன்னு படம் புடிச்சு நெட்டுல அனுப்போணும். புடிச்சிருந்தா எடுத்துக்குவாங்க. இதை அனுப்புனா நிச்சயம் எடுப்பாங்க கௌசின்னு டீச்சர் சொல்லிச்சு. அந்தப் புள்ள அன்னிக்கு நடந்த நடையே வேற மாதிரி இருந்துச்சு.

கடைசி நாள் என்னிக்குங்கறீங்க? ஆயுதபூஜை அன்னிக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. எந்த மகராசன் வெச்சானோ, பூஜையும் அதுவுமா. நம்ம நாள் கெழமை தெரிஞ்சவனா இருந்தா அப்பிடி வெச்சிருப்பானுங்களா? மொதக் குத்தம் அங்கதான்.

ஏன் முன்னாலயே அனுப்பலைன்னு கேக்கறீங்க. நானும் அதத்தானுங்க கேட்டேன். கேட்டா, நேரம் கெடைக்கலைங்குது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல நின்ன நேரம். எங்க தார் போடற பொம்பள சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. தார்னா ஊடை நூலைக் கட்டையில சுத்தறதுங்க, அது இல்லாட்டித் தறி ஓடாது. அம்மிணி, ஒரு வாரம் வந்து உக்காருன்னு கூப்பிட்டேன். மாட்டேன்னு சொல்லல. சொல்லியிருந்தா விட்டிருப்பேன். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் தார் போடும். அதுக்கப்பறம் பொட்டியில உக்காந்துக்கலாமில்லீங்களா? உக்காந்துச்சுங்க, இல்லேங்கல. பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால நான் எல்லாப் பொட்டியையும் வாங்கி உள்ள வெச்சுட்டேன். தொடச்சுச் சுத்தம் பண்ணோணும், பூஜைக்கு வெக்கறதைக் கண்டவங்க கைபடாம வெக்கோணும். அப்பவே கேட்டுச்சு, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது மொதலாளின்னு. பூஜை முடியட்டும் கண்ணு, பாத்துக்கலாம்னேன். சும்மா போகச் சொல்லல, கன்னத்தைத் தட்டித்தான் சொன்னேன்.

பூஜைன்னா எங்களுக்கு எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாது. வருசம் பூரா நமக்குச் சோறு போடறதை ஒரு நாள் உக்கார வெச்சுக் கும்பிடறோம். தறி, மோட்டாரு, நாடா, கத்திரி, திருகாணி வரைக்கும் எண்ணெய் தேச்சுப் பொட்டு வெப்போம். வெச்சதுக்கப்பறம் தொடக்கூடாது. அடுத்த நாள் விஜயதசமி காலையில கற்பூரம் காட்டித்தான் எடுக்கோணும். அந்த வருசம் மொதத் தடவையா அஞ்சு பொட்டியையும் பலகை போட்டு, செவப்புத் துணி விரிச்சு, சாமிக்கு நேரா வெச்சேன். மூடி மேல விபூதிப் பட்டை, நடுவுல சந்தனம், குங்குமம். தொறந்து, அந்த எழுத்துக இருக்குதில்லீங்களா, அது மேலயும் ஒவ்வொரு பொட்டு. ஊட்டுக்காரி கேட்டா, அதுக்கெல்லாம் எதுக்குன்னு. அதுவும் புள்ளைகளுக்குச் சோறு போடப் போற ஆயுதம்தாண்டின்னு சொன்னேன். நெனச்சுப் பாருங்க, எந்தப் பட்டறையில அப்பிடி மரியாதை குடுத்தான்?

பையனுக்கு அப்பத்தான் நிச்சயம் பண்ணியிருந்தோம். கரூர்ல இருந்து புதுச் சம்மந்தி வந்திருந்தாங்க. ஒறம்பரை எல்லாம் வந்து ஊடு நெறஞ்சு கெடந்துச்சு. மெயினை அணைச்சாச்சு. வருசத்துல அந்த ஒரு நாள்தாங்க இங்க காக்கா கத்தறது கேக்கும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் பட்டறையில காத்தாட உக்காந்திருக்கறோம். அந்தப் புள்ள வந்து வாசப்படியில நிக்குது.

"மொதலாளி, நான் செஞ்சதெல்லாம் இருக்கற அந்த ஒரு பொட்டி மட்டும் குடுங்க. வெளிய எடுத்துட்டுப் போகல. இங்கயே சாமி முன்னால உக்காந்து அனுப்பிட்டு வெச்சர்றேன்."

நான் பொறுமையாத்தான் சொன்னேன். நாளைக்கு விஜயதசமி கண்ணு, நாளைக்கு ஆரம்பிச்சா எதுவும் தோத்துப் போகாது, மொதப் பொட்டி உன்ற கையிலதான்னு.

"நாளைக்கு அவங்க வாங்கிக்க மாட்டாங்க மொதலாளி."

சாமிக்கு மேல ஆளா அவங்கன்னு கேட்டேன். படிய விட்டு எறங்கல, அங்கயே நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல டீச்சர் போன் பண்ணுது. ஐயா, எங்க ஊட்டுலயும்தான் பூஜை, புள்ள படிக்கறதுக்கு எடுத்தா சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டாங்குது. நீ நேத்து பொறந்த பொண்ணு, சரஸ்வதியப் பத்தி எனக்குச் சொல்றயாம்மான்னு கேட்டு வெச்சுட்டேன். சம்மந்தி என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறார். நெம்ப நாசூக்கான மனுசன்.

அப்பத்தாங்க பழனியம்மா வந்தா. வேறெந்த நாளா இருந்தாலும் பரவாயில்ல. தறி நின்னு போன பட்டறையில, அத்தனை ஒறம்பரைக்கு முன்னால வந்து, "அந்தப் பொட்டிய என்ற புள்ளைக்கு எடுத்துக் குடுங்க மொதலாளி"ன்னு கத்தறா. கட்டடமே அதிருது. கெஞ்சறதா அவளுக்கு நெனப்பு. அவ சத்தம் அவளுக்கே கேக்காதில்லீங்களா. அந்தப் புள்ள கையப் புடிச்சு அமுத்துது, மெதுவாப் பேசும்மான்னு சாடை காட்டுது. அவளுக்கு வெளங்கல. இன்னும் சத்தமாக் கேக்கறா. சம்மந்தி மெல்லமா என்ற பக்கம் சாஞ்சு, உங்க ஆளுக உங்களையே அதட்டுவாங்க போலிருக்குதேன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு இருக்குதே தம்பி, இன்னும் எனக்கு நெஞ்சுல நிக்குது. அவ மட்டும் அந்தச் சத்தம் போடாம இருந்திருந்தா ஒரு கற்பூரத்தைக் காட்டிட்டு எடுத்துக் குடுத்திருப்பனோ என்னமோ. அப்பறம் எப்பிடிக் குடுக்கறது? குடுத்தா, அதட்டுனதுக்குப் பயந்து குடுத்தான்னுதானே ஆகும். சாமிக்கு வெச்சதை எடுக்க முடியாது, போங்கன்னு கையக் காட்டுனேன். கையக் காட்டுனது அவளுக்கு வெளங்குச்சு.

ஆத்தாளும் மகளும் போனதுக்கப்பறம் வேற ஒரு தொல்லை. ஈரோட்டு யாவாரி போன் பண்றான், லாரி கெளம்புது, துணி கொஞ்சம் கொறையுது, இப்ப வேணும்னு. பூஜை அன்னிக்கா, முடியாதுன்னுதான் சொன்னேன். அவன் விடல. சரின்னு ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தி, சாமிகிட்ட உத்தரவு கேட்டு, தேங்காய் ஒடச்சு, நாலே நாலு தறிய மட்டும் எடுத்து விட்டோம். தொழில் வேறங்க. அதுல நாலு குடும்பத்துச் சோறு இருக்குது. சாமிக்குத் தெரியாதா? விளக்கு வெக்கற நேரம், ஆறு மணி இருக்கும். பழனியம்மாவைத்தான் கூப்பிட்டு விட்டேன், வந்து ஓட்டுனா. தார் போட ஆளில்லாம முழிச்சுட்டு இருக்கறப்ப அந்தப் புள்ளையும் தானா வந்து உக்காந்துச்சு. கட்டைய எடுத்து நூல் சுத்த ஆரம்பிச்சிருச்சு. கோவம் இருந்திருந்தா வந்து உக்காந்திருக்குமுங்களா? ஊரு பேசறவனுக இதையெல்லாம் பேச மாட்டானுக. தறி ஓடுனாப் பஞ்சு பறக்கும். பொட்டிக மேல விழுந்துறப் போகுதுன்னு நான்தான் ஒரு துண்டை எடுத்துட்டு வந்து மூடி வெச்சேன்.

அடுத்த நாள் காலையில சொன்ன சொல்லைக் காப்பாத்துனேன். மொதப் பொட்டிய வெத்தலை பாக்கோட அது கையிலதான் குடுத்தேன். தொறந்துச்சு. என்னமோ தட்டுச்சு. முடிஞ்சு போச்சுன்னு ஒரு வரி இங்கிலீஷ்ல வந்து நின்னுச்சு போல. ஒரு நிமிசம் பாத்துது. மூடி, ரெண்டு கையிலயும் ஏந்தி என்ற கையில திருப்பிக் குடுத்துச்சு.

"இதைச் சாமிகிட்டயே வெச்சிருங்க மொதலாளி."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. எவ்வளவு பக்தி பாருன்னு சம்மந்திகிட்டயே சொன்னேன். அப்பறம் டீச்சர்தான் போன்ல சொல்லிச்சு, அது பக்தி இல்லைங்கய்யான்னு. வேற என்னென்னமோ சொல்லிச்சு. கல்லு மனசுன்னுச்சு. குடோனைக் குடுத்தவன், கரண்டைக் குடுத்தவன் கல்லு மனசு. அதோட வர்றதையும் நிறுத்திருச்சு.

அதுக்கப்பறம் வகுப்புன்னு ஒண்ணும் நடக்கலைங்க, மறைக்கல. சொல்லிக்குடுக்க ஆளில்லாம பொட்டிய வெச்சு என்ன பண்றது. ரெண்டு பொட்டி கெளம்பறதே இல்ல, அந்த எழுத்துக சந்துல குங்குமம் எறங்கிருச்சுன்னு பாத்தவன் சொன்னான். ரூம்புல பாதிக்கு நூல் போட்டிருக்கேன். மழையில நனைய விட முடியாதில்லீங்களா. பொட்டி வந்துச்சுன்னா எடுத்துருவேன், அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. இந்த அஞ்சும் ஒவ்வொரு வருசமும் பூஜைக்கு மட்டும் ஒரு கொறையும் இல்லாம எடுத்து வெச்சுட்டுத்தான் இருக்கேன்.

கௌசிகா எங்க போயிருச்சுன்னு நெனைக்கறீங்க? எங்கயும் போகல, இங்கதான் இருக்குது. பழனியம்மாவுக்கு அடுத்த வருசமே ஒடம்பு முடியாமப் போயிருச்சு, ஊட்டோட கெடக்கறா. அவ பாத்த அதே எட்டுத் தறிய இப்பப் புள்ள பாக்குது. ஆருடா வேலை குடுத்தது? நான்தான் குடுத்தேன். போன வருசம் வரைக்கும் துணியில ஒரு கோடு விழுந்ததில்ல, கெட்டிக்காரி, இப்பத்தான் அங்கங்க விழுகுது. கல்யாணத்துக்கு ஆவுறதை நான் பாத்துக்கறேன்னும் சொல்லியிருக்கேன்.

எனக்கு இருக்கற வருத்தம் ஒண்ணுதான். நீங்க பொட்டி குடுத்தீங்கன்னா இந்தப் புள்ளையையே டீச்சராப் போட்டரலாம்னு ஒரு யோசனை. நல்ல யோசனைதானுங்களே? ஞாயித்துக்கெழம மட்டும் வந்து சின்னப் புள்ளைகளுக்குச் சொல்லிக்குடு கண்ணுன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். அது பாட்டுக்குத் தறியப் பாத்துட்டு நிக்குது. அந்த ரூம்புப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது. முன்னயெல்லாம் மொதலாளி மொதலாளின்னு எவ்வளவு பேசும். இப்பக் கூப்பிட்டாத் திரும்பறது கூட இல்ல. படிச்ச திமிரு. வேறென்ன சொல்றது.

அட, கரண்டு போயிருச்சு. நல்லதாப் போச்சு. பாத்தீங்களா, எப்பிடி அமைதியா இருக்குது. இப்ப மெதுவாவே பேசலாம். வாங்க, எந்திரிங்க, அந்தப் புள்ளையவே காட்டறேன். நீங்களே பேசிப் பாருங்க, வெளியூர்க்காரங்க சொன்னாலாவது கேக்குதான்னு பாப்போம். பாத்து வாங்க, படி ஒசரம்.

அதா, அந்தக் கடைசித் தறிகிட்ட, பச்சைத் தாவணி. முதுகக் காட்டிட்டு நிக்குது பாருங்க, அதுதான். செருப்பு அங்க ஓரமாக் கெடக்குது பாருங்க. அவ ஆத்தா பண்ணுன மாதிரியே வெறுங்காலோட நிக்கறது, எத்தனை சொன்னாலும் போட மாட்டேங்குது, ஆணி கீணி ஏறுனா ஆரு பாக்கறது. கௌசிகா. கண்ணு, இங்க பாரு. மெட்ராஸ்ல இருந்து ஆளு வந்திருக்குது. கௌசிகா.

பாத்தீங்களா? ஒரு தறி ஓடல. எறும்பு ஊருனாக் கேக்கும். எத்தனை கூப்பாடு போடறேன், திரும்புதா பாருங்க. ஆத்தாளுக்குத்தான் காது போச்சு, இவளுக்கு என்ன கேடு? நெஞ்சழுத்தம் தம்பி, நெஞ்சழுத்தம்.

சரி, அதை விடுங்க, வாங்க. பத்துப் பொட்டின்னு சொன்னாங்களே, வர்ற பூஜைக்குள்ள வந்துருமுங்களா? முன்னாலயே வந்துச்சுன்னா எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுக் கும்பிட்டரலாம்.